ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம்: 200 யென் டிக்கெட்டும் யாரும் நிற்காத மாடியும்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுத்தான் பலரும் இது ஏதோ சின்ன இடம் என்று நினைத்து ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரியவர்களுக்கு 200 யென். 65 வயதைத் தொட்டவர்களுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் 100 யென். அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம். ஜப்பானில் நல்ல காபி ஒன்று குடித்தாலே இதைவிட அதிகம் ஆகும். ஆடியோ கைடு வேண்டுமென்றால் தனியாக 400 யென், டிக்கெட்டைப் போல இரண்டு மடங்கு. ஒரு மணி நேரம் போதவே போதாது. மூன்று மணி நேரம் வையுங்கள். அதில் கடைசி ஒரு மணியை எங்கே செலவிட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அணுப்பிளவையும் தொடர்வினையையும் வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு, "இது பரீட்சையில் கண்டிப்பாக வரும்" என்று சொல்லிக்கொடுத்தவள். மகள் குடும்பம் ஒசாகாவில் இருக்கிறது. அங்கிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான் ஹிரோஷிமா. மகள், மருமகன், ஆறாவது படிக்கும் மூத்த பேரன், யூ.கே.ஜி. வயதில் இளையவன் என்று ஒரு படையாகத்தான் போனோம்.

சின்னவனை உள்ளே அழைத்துப் போவதில்லை என்று வீட்டிலேயே பேசி முடித்திருந்தோம். அவனுடைய அப்பா அவனோடு பூங்காவுக்குள் இருக்கும் ரெஸ்ட் ஹவுஸில் இருந்துகொண்டார். அங்கே உட்கார இடம் உண்டு, காபி உண்டு, சுற்றுலாத் தகவல் மேஜையும் உண்டு. அந்தக் கட்டடமே ஒரு சாட்சி. குண்டு வெடித்த இடத்துக்கு 170 மீட்டர் தொலைவு. அன்று காலை ஏதோ கோப்பு எடுக்க அடித்தளத்துக்கு இறங்கிய ஊழியர் ஒருவர் பிழைத்தார். அந்த அடித்தளத்தை இப்போதும் இறங்கிப் பார்க்கலாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு வருகிறவர்கள் எங்களைப் போல ஆளை மாற்றிக்கொண்டு உள்ளே போவது நல்லது. அருங்காட்சியகம் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் உள்ளே இருப்பது குழந்தைகளுக்காகத் தணித்து வைத்ததல்ல.

ஹிரோஷிமா ரயில் நிலையத்திலிருந்து டிராமில் வரலாம், கென்பாக்கு டோம், அதாவது அணுகுண்டு டோம் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே குண்டுக்குப் பின் எஞ்சி நிற்கும் அந்த எலும்புக்கூட்டுக் கட்டடம். குண்டு விழுந்து மூன்றாம் நாளே ஒரு சின்னத் தூரத்துக்கு டிராம் ஓட்டிக் காட்டிய ஊர் இது. அன்று குண்டுபட்ட டிராம் பெட்டிகளில் 651, 652 என்ற எண்கள் இன்னும் தண்டவாளத்தில் ஓடுகின்றன. எங்களுக்கு வந்தது புது டிராம். பேரனுக்கு அதில் ஏமாற்றம்.

கட்டடத்தை வடிவமைத்தவர் கென்சோ தாங்கே. 1955-இல் திறந்தது. முதன்மைக் கட்டடம் தூண்கள் மேல் நிற்கிறது, அடியில் காலி. பக்கத்தில் கிழக்குக் கட்டடம். டிக்கெட் வாங்குவது கிழக்கில். எஸ்கலேட்டரில் மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, ஒரு பாலம் வழியாக முதன்மைக் கட்டடத்துக்கு அனுப்பி, முடிந்ததும் திரும்பக் கிழக்குக்கே கொண்டுவந்து, மாடி மாடியாகக் கீழே இறக்குகிறார்கள். இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் குறையே இதில்தான் இருக்கிறது.

முதல் அறையில் ஹிரோஷிமா நகரத்தின் வெள்ளை வட்ட மாதிரி. அதன்மேல் ஒளிப்படக் காட்சி விழுகிறது. ஆறுகள், பாலங்கள், நெருக்கமான மர வீடுகள். மேலேயிருந்து ஒரு புள்ளி இறங்குகிறது, அப்புறம் ஊரே இல்லை. சுற்றுச் சுவர் முழுக்க வெடிப்புக்குப் பிந்தைய நகரத்தின் படம். சில நிமிடக் காட்சிதான், திரும்பத் திரும்ப ஓடுகிறது. சத்தமாகப் பேசிக்கொண்டே வந்த ஒரு கூட்டம் அங்கே தானாக அடங்கியது. இயற்பியல்காரியாக நான் கவனித்தது, குண்டு தரையில் வெடிக்கவில்லை, சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது என்பதை அந்த மாதிரி தெளிவாகக் காட்டுகிறது. அழிவு அதிகப் பரப்புக்குப் போக வேண்டும் என்றுதான் அந்த உயரம். குறி வைத்தது டி வடிவத்தில் இருக்கும் அயோய் பாலம். வெடித்தது சில நூறு மீட்டர் தள்ளி, ஷிமா மருத்துவமனைக்கு நேர் மேலே.

முதன்மைக் கட்டடம் 2019-இல் புதுப்பித்துத் திறந்தது. இதைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. இருட்டான அறைகள். விளக்கு பொருள்மீது மட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் உடையவரின் பெயர், முடிந்தால் படம், அன்று காலை அவர் எங்கே இருந்தார், யார் அவரைக் கண்டெடுத்தார்கள் என்று நாலைந்து வரி, ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும். முதல் பெரிய அறையில் மாணவர்களின் சட்டைகள். 1945 கோடையில் விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு 12, 13 வயதுப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். ஆகஸ்ட் 6 காலை எட்டே கால் மணிக்கு அவர்கள் திறந்த வெளியில் நின்றிருந்தார்கள். அந்த வேலையில் இருந்த மாணவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள். உள்ளே போகும்வரை எனக்கும் இந்த விவரம் தெரியாது. எத்தனையோ பாடப் புத்தகங்கள் பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் இல்லை.

டிபன் டப்பா ஒன்று. ஒரு பையனுடையது. அம்மா தேடிக்கொண்டு போய் உடலைக் கண்டுபிடித்தபோது அது அவன் வயிற்றுக்கடியில் இருந்தது. உள்ளே இருந்த சாப்பாடு அப்படியே கரி. கொஞ்ச தூரத்தில் மூன்று சக்கர சைக்கிள். நாலு வயது நிறையாத குழந்தை, வெடித்த இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் வீட்டு வாசலில் ஓட்டிக்கொண்டிருந்தது, அன்று இரவே இறந்தது. இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாக இடுகாட்டில் விட மனமில்லாமல் அப்பா வீட்டுப் பின்புறத்திலேயே சைக்கிளோடு புதைத்தார். 1985-இல்தான் எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறைக்கு மாற்றி, சைக்கிளை இங்கே கொடுத்தார். என் பேரன் அதற்கு முன்னால் நின்று படித்துவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். விட்டது வெளியே வந்த பிறகுதான்.

சுமிதோமோ வங்கிக் கிளையின் கல் படிக்கட்டு. வங்கி திறக்கக் காத்து உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருடைய நிழல் அதில் இருக்கிறது. சுற்றியுள்ள கல் வெப்பத்தில் வெளுத்துவிட்டது, ஆள் மறைத்த இடம் மட்டும் இருட்டாக நின்றுவிட்டது. வெடித்த இடத்திலிருந்து 260 மீட்டர். வெப்பக் கதிர்வீச்சு நேர்கோட்டில் செல்லும் என்பதற்கு நான் வகுப்பில் மெழுகுவத்தி வைத்து விளக்கியிருக்கிறேன். இனி இதைத் தவிர வேறு உதாரணம் எனக்கு வராது. கறுப்பு மழை வழிந்த வெள்ளைச் சுவர்த் துண்டு ஒன்றும் இருக்கிறது. அது கதிரியக்கத் தூசு கலந்த மழை என்று தெரியாமல் தாகத்தில் குடித்தவர்கள் உண்டு.

படங்கள் பக்கம் யோஷிதோ மாட்சுஷிகே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் மியுகி பாலத்தருகே எடுத்தது. அன்று அவரால் ஐந்தே ஐந்து படம்தான் எடுக்க முடிந்தது. கொரியர்கள், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து படிக்க வந்திருந்த மாணவர்கள், அமெரிக்கப் போர்க்கைதிகள் என்று ஜப்பானியர் அல்லாத பலியானவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கொரியர்களுக்கான நினைவுத்தூண் பூங்காவுக்குள் வந்ததே 1999-இல்தான் என்பதை நினைத்தால் இது தாமதமாக வந்த நியாயம்.

முன்பு இங்கே தோல் தொங்கிக்கொண்டு நடக்கும் மனிதப் பொம்மைகள் இருந்தன. 2017-இல் எடுத்துவிட்டார்கள். பழையதைப் பார்த்தவர்களில் சிலர் காட்சி மென்மையாகிவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொம்மையைப் பார்த்துப் பயப்படலாம். எரிந்த சட்டையின் பொத்தான் அருகே அம்மா கையால் தைத்த பெயர்த்துணியைப் பார்த்தால் பயம் வருவதில்லை, வேறு ஏதோ வருகிறது.

கூட்டம்தான் பெரிய தொல்லை. 2024 நிதியாண்டில் 20 லட்சத்துக்கும் மேல் பேர் வந்திருக்கிறார்கள். முதன்மைக் கட்டடத்தில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், பின்னாலிருந்து மூச்சு கழுத்தில் படும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க அனுமதி உண்டு. அதனால் அந்தச் சைக்கிளுக்கு முன்னால் எப்போதும் பத்து போன்கள் நீண்டிருக்கின்றன. அனுமதித்தது சரியா என்று எனக்குச் சந்தேகம்தான். காலை 7.30-க்குத் திறக்கிறார்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் அப்படித்தான் போனோம். வெளியே வரும்போது வரிசை கட்டடத்தைத் தாண்டி வளைந்திருந்தது.

முதன்மைக் கட்டடம் முடிந்ததும் கண்ணாடிச் சுவர் வைத்த நீண்ட தாழ்வாரம். பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள், கருத்து எழுத நோட்டுகள் வைத்திருக்கிறார்கள். எதிரே பூங்கா, நினைவு வளைவு, 1964-இலிருந்து எரியும் சுடர், அதற்கும் பின்னால் டோம், எல்லாம் ஒரே நேர்கோட்டில். எல்லோரும் இங்கே உட்கார்ந்து அழுது, தண்ணீர் குடித்து, எழுந்து நேராக வாசலுக்குப் போகிறார்கள். போகிற வழியில் கிழக்குக் கட்டடத்தின் மூன்றாவது மாடி இருக்கிறது. அணுகுண்டு எப்படி உருவானது, ஏன் போட்டார்கள், அதற்குப் பிறகு உலகம் எவ்வளவு குண்டு செய்தது என்பதெல்லாம் அங்கேதான். விமான நிலையத்தில் கடைகளைத் தாண்டுகிற வேகத்தில் ஜனங்கள் அதைத் தாண்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சைக்கிளையும் டிபன் டப்பாவையும் பார்த்துவிட்டு வருகிறவரிடம் தொடுதிரை மேஜையையும் பேனலையும் நீட்டினால் யார் படிப்பார்கள்?

நான் படித்தேன், ஏனென்றால் பேரன் கேட்டான்: "பாட்டி, கீழே ஸ்கூல் பசங்க நிக்கிறாங்கன்னு மேல இருந்தவங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் அந்த மாடியில்தான் இருக்கிறது. பேனலில் இருந்ததோடு நான் முன்பே படித்திருந்ததையும் சேர்த்து அவனுக்குச் சொன்னேன். 1938 டிசம்பரில் பெர்லினில் ஹான், ஸ்ட்ராஸ்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் யுரேனிய அணுவைப் பிளந்தார்கள். ஏழு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் குண்டு. ஜெர்மனி முந்திவிடும் என்று பயந்து 1939 ஆகஸ்டில் லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர் எழுதி ஐன்ஸ்டீன் கையெழுத்திட்ட கடிதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. குண்டு செய்ய அமெரிக்கா தொடங்கிய மன்ஹாட்டன் திட்டத்துக்கு ஆன செலவு அன்றைய கணக்கில் சுமார் 200 கோடி டாலர். உச்சத்தில் 1,30,000 பேர் வரை வேலை செய்தார்கள், பெரும்பாலானவர்களுக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியாது. இயற்கை யுரேனியத்தில் குண்டுக்குப் பயன்படும் 235 வகை 0.7 சதவீதம்தான். அதைப் பிரித்தெடுக்க ஓக் ரிட்ஜ் ஆலையில் வைத்த மின்காந்தங்களுக்குத் தாமிரம் தட்டுப்பாடு என்று அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிக் கம்பியாக இழுத்தார்கள். இத்தனை பாடுபட்டு ஹிரோஷிமாவுக்கு வந்தது சுமார் 64 கிலோ யுரேனியம். அதில் பிளவுபட்டது ஏறக்குறைய ஒரு கிலோ. ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராம்கூட இல்லை. 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அன்று ஊரில் இருந்தவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர், வருட முடிவுக்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000.

பையனின் கேள்விக்கு வருகிறேன். கீழே ஜனங்கள் வாழும் ஊர் இருக்கிறது என்று தெரியும். ஹிரோஷிமாவை வழக்கமான விமானத் தாக்குதலிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். சேதமில்லாத ஊராக இருந்தால்தான் புதுக் குண்டு என்ன செய்யும் என்று தெளிவாக அளக்க முடியும். பட்டியலில் முதலில் கியோட்டோவும் இருந்தது. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக அதை நீக்கினார். ஹிரோஷிமாவில் ராணுவமும் இருந்தது உண்மை. இரண்டாம் பொதுப்படையின் தலைமையகம் அங்கேதான், உஜினா துறைமுகத்திலிருந்துதான் 1894 முதல் சீனாவுக்கும் மற்ற இடங்களுக்கும் படைகள் கப்பலேறின. அந்த வரலாறு இரண்டாவது மாடியில் இருக்கிறது, கொஞ்சம் அடக்கி வாசித்தது போல. ஜப்பான் ஆசியாவில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை இன்னும் உரக்கச் சொன்னால் இந்த இடத்தின் கனம் குறையாது, கூடும்.

"அப்புறம் ஏன் ரெண்டாவது?" என்றான். 1945 ஜூலை 25 தேதியிட்ட ஓர் உத்தரவு. அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் ஹாண்டி கையெழுத்து. ஆகஸ்ட் 3 அளவில் வானிலை பார்த்து முதல் குண்டைப் போடுங்கள், அடுத்தவை தயாராகத் தயாராகப் போடுங்கள் என்பது அதன் சாரம். ஆக, நாகசாகிக்கு யாரும் தனியாக உட்கார்ந்து யோசித்து உத்தரவு போடவில்லை. ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் அறிவிப்பு வந்ததே மறுநாள், ஜூலை 26. இரண்டாவது குண்டை 11-ஆம் தேதிக்குத் திட்டமிட்டிருந்தார்கள், வானிலை மோசமாகும் என்று 9-க்கு இழுத்தார்கள். குறி கொகுரா நகரம். அங்கே கீழே எதுவும் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. வருட முடிவுக்குள் அங்கே 70,000 பேருக்கு மேல். இனி என் அனுமதி இல்லாமல் கூடாது என்று அதிபர் ட்ரூமன் நிறுத்தியது அதற்கு மறுநாள், 10-ஆம் தேதி.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்கிறேன். நாகசாகியில் குண்டோடு அளவுக் கருவிகளையும் பாரசூட்டில் இறக்கினார்கள். அதில் லூயிஸ் ஆல்வரெஸ் முதலிய மூன்று இயற்பியலாளர்கள் ரியோகிச்சி சாகானே என்ற ஜப்பானிய இயற்பியலாளருக்கு எழுதிய கடிதம் ஒட்டியிருந்தது. சாகானே போருக்கு முன் அமெரிக்காவில் பெர்க்லியில் அவர்களோடு வேலை செய்தவர். உங்கள் தலைவர்களிடம் சொல்லிச் சரணடைய வையுங்கள் என்று வேண்டுகிற கடிதம், குண்டோடு சேர்த்து. மறுபக்கம், ஜப்பானுக்குத் தெளிவாக நிபந்தனை சொல்லி வாய்ப்புக் கொடுக்காமல் போடக் கூடாது என்று சிலார்ட் ஜூலையில் சுற்றுக்கு விட்ட மனுவில் 70 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர் 1944 கடைசியில், குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தை விட்டே போய்விட்டார்.

என் குறை இதுதான். முதன்மைக் கட்டடம் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. குண்டு செய்தவர்களும் முடிவெடுத்தவர்களும் கிழக்குக் கட்டடத்தில் ஒரு காலவரிசையாகக் கரைந்துவிடுகிறார்கள். சட்டைக்குக் கொடுத்த அந்த இருட்டும் அந்த ஒற்றை விளக்கும் ஜூலை 25 உத்தரவின் ஒரு பிரதிக்குக் கொடுத்திருக்கலாம். மனுவின் கையெழுத்துப் பக்கத்துக்கு ஒரு சுவரையே கொடுத்திருக்கலாம். யாரும் நிற்காமல் போக மாட்டார்கள்.

ஆடியோ கைடு பற்றி: நான் ஆங்கிலத்தில் எடுத்தேன். முதன்மைக் கட்டடத்தில் அது தேவையில்லை, எழுத்தே போதும், காதில் குரல் ஓடினால் இடைஞ்சல். கிழக்கில் உதவும். கண் ஓய்ந்துபோயிருக்கும் நேரத்தில் காதால் கேட்பது சுலபம். கீழ்த்தளத்தில் கடை இருக்கிறது, புத்தகம், அஞ்சலட்டை, வழக்கமானவை. உலகத்தில் கடைசியாக அணுச் சோதனை நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டும் கடிகாரம் ஒன்றும் கட்டடத்தில் இருக்கிறது. ஒபாமா 2016-இல் மடித்துக் கொண்டுவந்த காகிதக் கொக்குகளும் இருக்கின்றன, அதற்கு நல்ல கூட்டம்.

வெளியே வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பூங்காவுக்குள்ளேயே, தரைக்கடியில், பலியானவர்களுக்கான தேசிய நினைவு மண்டபம் இருக்கிறது. 2002-இல் திறந்தது, இதுவும் தாங்கே கட்டியது, இலவசம். வட்டச் சுவரில் அழிந்த நகரம் முழுவதையும் 1,40,000 ஓட்டுத் துண்டுகளால் அமைத்திருக்கிறார்கள், அந்த வருட முடிவுக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஒன்றாக. நாங்கள் போனபோது எங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர்தான். கால் வலிக்கு அங்கே உட்கார்ந்து பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரையில் பார்க்கலாம். ஆற்றுக்கு மேற்கே ஹோன்காவா தொடக்கப் பள்ளி, வெடித்த இடத்திலிருந்து 410 மீட்டர். பழைய கட்டடத்தின் ஒரு பகுதியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அதுவும் இலவசம்தான். வெடித்த மையத்தில் ஒரு சின்னப் பலகை மட்டும் இருக்கிறது, சாதாரணத் தெரு, பக்கத்தில் இன்றும் ஒரு மருத்துவமனை. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், முதன்மைக் கட்டடத்துக்கு ஐந்து. கிழக்குக் கட்டடத்துக்கு மூன்றரை, அதில் உள்ள விஷயத்துக்கல்ல, வைத்திருக்கும் இடத்துக்கு. டிசம்பர் 30, 31 இரண்டு நாளும் விடுமுறை. பெரிய பெட்டிகளை ரயில் நிலையத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள், அந்த வரிசையில் இழுத்துக்கொண்டு நகர முடியாது.